படுக்கையில் இருக்கும் அம்மா, முதியோர் இல்லம்: ராத்திரி கவனிப்பை எப்படித் தெரிந்துகொள்வது?

திருச்சி_மகள்

அம்மாவுக்கு 81 வயது. பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. சர்க்கரையும் உண்டு. சென்னைக்கு வெளியே ஒரு தனியார் முதியோர் இல்லத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கான பிரிவில் வைத்திருக்கிறோம். மாதம் 38,000 ரூபாய். டயப்பர், மருந்து, பிசியோதெரபி, ஆம்புலன்ஸ் எல்லாம் தனி.

இடத்தைக் குறை சொல்ல முடியாது. வெளிச்சமான அறை, ஏசி, சுத்தமான தரை, வாசலில் சின்னதாக ஒரு பிள்ளையார் சன்னதி. பகலில் எப்போது போனாலும் அம்மா தலை வாரி, பொட்டு வைத்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். போன வாரம் நைட்டி மாற்றும்போது நானும் கூட நின்றேன். முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் உரிந்து ஈரமாக இருந்தது. வலது குதிகால் சிவந்திருந்தது. கேட்டதற்கு, "டயப்பர் ரேஷ்தான் மேடம், பவுடர் போட்டுட்டிருக்கோம்" என்றார்கள்.

அம்மாவுக்குப் பேச்சு சரியாக வராது. "ராத்திரி" என்று மட்டும் சொல்லிவிட்டு அழுகிறார். அண்ணன் சிங்கப்பூரில். என் வீட்டில் மாமனாருக்கு டயாலிசிஸ் நடக்கிறது. அம்மாவை வீட்டுக்குக் கூட்டி வர இப்போதைக்கு வழி இல்லை. குடும்பத்தில் யாரையாவது இப்படி இல்லத்தில் வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். எதைப் பார்க்க வேண்டும்? யாரிடம் என்ன கேட்க வேண்டும்?

ஓய்வுபெற்ற_செவிலி

அம்மா, நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் அது டயப்பர் ரேஷ் மாதிரித் தெரியவில்லை. எலும்பு துருத்தும் இடத்தில், நாணயம் மாதிரி வட்டமாகத் தோல் போயிருந்தால் அது படுக்கைப்புண். டயப்பரால் வருவது மடிப்புகளிலும் தொடை இடுக்கிலும் பரவலாக இருக்கும், இப்படி ஒரே புள்ளியில் இருக்காது. குதிகாலில் டயப்பரே படாது, அங்கேயும் சிவந்திருக்கிறது என்கிறீர்கள். அதனால் என் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

நாளைக்கே போய் ஒன்று செய்யுங்கள். குதிகாலில் சிவந்த இடத்தை விரலால் அழுத்திவிட்டு எடுங்கள். வெளுத்துப் பிறகு சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. அழுத்தியும் வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் முதல் கட்டப் புண் தொடங்கிவிட்டது. தோல் உரிந்தது இரண்டாம் கட்டம். இந்தக் கட்டம்வரை சரியான கவனிப்பில் ஆறிவிடும். அதற்கு மேல் கொழுப்பு, சதை, எலும்பு என்று உள்ளே போக ஆரம்பித்தால் மாதக்கணக்கில் இழுக்கும், சர்க்கரை உள்ளவருக்கு உயிருக்கே ஆபத்து. கறுப்பு நிறத்திலோ, கெட்ட வாடையோடோ, காய்ச்சலோடோ இருந்தால் அன்றைக்கே மருத்துவமனை.

உரிந்த தோலில் பவுடர் போடக் கூடாது. சிவந்த இடத்தைத் தேய்த்து மசாஜ் செய்யவும் கூடாது. நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையத்தில் உட்கார வைப்பது பல இடங்களில் வழக்கம், அது சுற்றிலும் ரத்த ஓட்டத்தைத் தடுத்து இன்னும் கெடுக்கும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். பக்கவாட்டில் படுக்க வைக்கும்போது முழுசாக இடுப்பு எலும்பின் மேல் வைக்காமல், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துச் சற்றே சாய்த்து வைப்பார்கள். முட்டிகளுக்கு நடுவில் இன்னொரு தலையணை.

இதற்கெல்லாம் மேலே, படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்ப வேண்டும், ராத்திரியும் சேர்த்து. பகலில் நாற்காலியில் உட்கார வைத்து அழகாகக் காட்டுகிறார்களே, அந்த நேரத்திலும் எடை முழுக்க அடிமுதுகில்தான் இறங்குகிறது. அரை மணிக்கு ஒரு முறையாவது சற்று அசைத்துவிட வேண்டும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ராத்திரி எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி போதும்: "இரவு டூட்டியில் இந்த மாடியில் எத்தனை பேர், படுக்கையில் எத்தனை பேர்?" பதில் வந்ததும் கணக்குப் போடுங்கள். ஒருவரைத் திருப்பி, டயப்பரைப் பார்த்து, ஈரம் என்றால் துடைத்து மாற்றி, தலையணைகளைச் சரியாக வைக்கக் குறைந்தது பத்து நிமிடம். 18 பேர் படுக்கையில் இருந்தால் ஒரு சுற்று முடிய 180 நிமிடம், அதாவது மூன்று மணி நேரம். தனியாக ஒருத்தி தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடினாலும் இரண்டு மணிக்கு ஒரு முறை திருப்ப முடியாது. அவள் எவ்வளவு நல்லவளாக இருந்தாலும் முடியாது. கட்டடம், ஏசி, பிள்ளையார் எல்லாம் அப்புறம். இந்தக் கணக்கு உதைக்கிற இடத்தில் புண் வராமல் இருக்காது.

தஞ்சாவூரான்

மன்னிக்கவும். பெற்றவளை இல்லத்தில் விட்டுவிட்டுக் கவனிப்பு சரியில்லை என்று பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் அப்பத்தா பன்னிரண்டு பேர் இருந்த வீட்டில் கடைசிவரை கிடந்தார். காசு கொடுத்தால் கை வரும், மனசு வருமா?

அண்ணாநகர்_மருமகள்

தஞ்சாவூர் அண்ணா, அந்தப் பன்னிரண்டு பேரில் உங்கள் அப்பத்தாவுக்கு மலம் அள்ளிப் போட்டது யார் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஒரு மருமகளோ, கல்யாணம் ஆகாத ஒரு மகளோதான் இருந்திருப்பார். அவருடைய முதுகுவலியைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

நான் என் மாமியாரை வீட்டில் வைத்துப் பார்த்தேன். ஏஜென்சி மூலம் வந்த ஹோம் நர்ஸ் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மாறினார்கள். திடீரென்று ஊருக்குப் போய்விடுவார்கள், ஏஜென்சி போனை எடுக்காது. வீட்டில் வைத்தும் மாமியாருக்குப் புண் வந்தது. ராத்திரி இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் எழுந்து 70 கிலோ உடம்பைத் தனியாகத் திருப்ப என்னால் முடியவில்லை. அன்பு குறைந்து வந்த புண் இல்லை அது. கை போதவில்லை, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பிலேயே மக்கள்தொகையில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை. அதுவும் வெளியூர், வெளிநாடு. இந்த நிலைமையில் இல்லத்தில் வைத்தவர்களைக் குற்றவாளி ஆக்கினால், இல்லத்தில் நடக்கும் தப்பை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். "இல்லத்தில் விட்டிருக்கோம்னு யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று ஒளிக்கும் குடும்பம் எந்த நிர்வாகத்திடம் போய்ச் சத்தமாகக் கேள்வி கேட்கும்?

கோவைக்காரர்

அண்ணாநகர் சகோதரி சொன்னது நூற்றுக்கு நூறு உண்மைங்க. நான் வேறு ஒரு பக்கத்தைச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு மறதி நோய். நடமாட்டம் நன்றாக இருந்தது. ராத்திரியில் எழுந்து கதவைத் தட்டுவார், "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்பார், முப்பது வருடம் மில் ஷிஃப்டுக்குப் போனவர். ஒரு இல்லத்தில் சேர்த்தோம். கொஞ்ச நாளில் ஆள் அடங்கிவிட்டார். நிர்வாகத்தில் "அப்பா செட் ஆயிட்டாருங்க" என்றார்கள். எங்களுக்கும் நிம்மதி. ஆனால் பேசும்போது எச்சில் வழிகிறது, காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறார், மதியம் பன்னிரண்டு மணிக்கும் தூக்கம். மருந்துப் பட்டியலைக் கேட்டேன். தர யோசித்தார்கள். நான் கேட்டு நின்ற பிறகு கொடுத்தார்கள். ராத்திரிக்கு இரண்டு மயக்க மாத்திரைகள் சேர்ந்திருந்தன, ஒன்று மனநோய்க்குக் கொடுப்பது. எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எங்கள் நரம்பியல் மருத்துவரிடம் காட்டினோம். அவர் படிப்படியாகக் குறைத்தார். மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு மனநோய்க்கான இந்த வகை மாத்திரை பக்கவாதம், கீழே விழுதல், மரணம் ஆகியவற்றின் அபாயத்தைக் கூட்டும், வேறு வழியே இல்லாதபோது குறைந்த அளவில், கொஞ்ச காலம் மட்டும் தர வேண்டியது என்று விளக்கினார். ராத்திரி அப்பாவுடன் பத்து நிமிடம் நடந்து, "பஸ் இன்னைக்கு லேட்டுங்க ஐயா, டீ குடிச்சிட்டுப் போலாம்" என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால் அந்த மாத்திரை தேவையில்லை. ஆள் இல்லாத குறைக்குத்தான் மாத்திரை வந்தது. செவிலி அம்மா சொன்ன அதே கணக்குதான் இங்கேயும்.

எல்லோருக்கும் என் வேண்டுகோள்: மாதத்துக்கு ஒரு முறை மருந்துப் பட்டியலைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒரு பெயர் வந்தால் யார் எழுதினார், எதற்கு எழுதினார் என்று கேளுங்கள்.

ஓய்வுபெற்ற_செவிலி

கோவைக்காரர் ஐயா எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்பினால், ஆளை மாற்றிச் சொன்னால், இல்லாததைப் பார்த்தால், அதை "வயசாயிடுச்சு" என்று விடாதீர்கள். மயக்க மாத்திரையும் கொடுக்க விடாதீர்கள். மூத்திரத் தொற்று, மலச்சிக்கல், உடம்பில் நீர் வற்றுவது, ரத்தத்தில் சோடியம் குறைவது, நிமோனியா என்று பெரும்பாலும் பின்னால் ஒரு காரணம் இருக்கும். முதியவர்களுக்குக் காய்ச்சல்கூட வராமல் தொற்று இருக்கலாம். மூத்திரப் பரிசோதனை, ரத்தத்தில் சோடியம், சர்க்கரை, இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இல்லத்தில்_வேலை_பார்த்தவர்

நான் ஒரு முதியோர் இல்லத்தில் மேற்பார்வையாளராக இருந்தேன். இப்போது அந்த வேலையில் இல்லை. உள்ளே இருந்து பார்த்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆயா, அட்டெண்டர் என்று நீங்கள் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் ஏஜென்சி ஆட்கள். நீங்கள் கட்டும் பணத்தில் இல்லம் எடுத்துக்கொண்டது போக, ஏஜென்சி எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் அவர்கள் கைக்கு வரும். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். பலர் அங்கேயே தங்கியிருப்பதால் பகல் டூட்டி முடித்தவரையே ராத்திரியும் எழுப்புவார்கள். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். நல்ல பிள்ளைகள், ஆனால் தமிழ் தெரியாது. பாட்டி "நெஞ்சு கரிக்குது" என்றால் அந்தப் பிள்ளைக்கு என்ன புரியும்? பயிற்சி என்று தனியாக எதுவும் கிடையாது. பழைய ஆள் கூட ஒரு வாரம் நிற்பதுதான் பயிற்சி.

வந்தவர்கள் நிற்பதும் இல்லை. உங்கள் அம்மா எந்தப் பக்கம் வாயில் விழுங்குவார், எந்தப் பக்கம் சோறு தங்கிவிடும், தண்ணீரை ஒரே மடக்காகக் கொடுத்தால் புரை ஏறுமா என்பதெல்லாம் எந்த நோட்டிலும் இருக்காது, தினமும் ஊட்டுகிற கைக்குத்தான் தெரியும். அவள் போய்விட்டால் அதுவும் போய்விடும். பக்கவாதம் வந்தவர்களுக்கு நிமோனியா வருவதற்கு ஒரு முக்கியக் காரணம் இதுதான், சாப்பாடு நுரையீரலுக்குள் போய்விடுகிறது. அதனால் நீங்கள் எங்கே போய் விசாரித்தாலும், "ராத்திரி டூட்டியில் இருப்பவர் எத்தனை மாதமாக இங்கே இருக்கிறார்?" என்று கேளுங்கள். கேட்கிற ஆளிடம் மட்டும் இல்லாமல் அந்த அட்டெண்டரிடமே நேராகக் கேளுங்கள்.

அப்புறம், சாப்பாட்டு நேரத்தில் போங்கள். உங்கள் அம்மாவை மட்டும் பார்க்காமல் பக்கத்துக் கட்டில்களையும் பாருங்கள். ஊட்டும்போது முதுகை நிமிர்த்தி உட்கார வைத்திருக்கிறார்களா, ஒரு வாய் விழுங்கிய பிறகு அடுத்த வாய் போகிறதா, சாப்பிட்டு முடித்த உடனே படுக்கவைத்துவிடுகிறார்களா? குறைந்தது அரை மணி நேரமாவது நிமிர்ந்திருக்க வேண்டும். திரும்பிப் போகிற தட்டுகளைப் பாருங்கள். தட்டில் பாதிச் சோறு அப்படியே போகிறது, நோட்டில் "உணவு முழுமையாக உட்கொண்டார்" என்று இருக்கிறது என்றால் அந்த நோட்டில் இருக்கும் வேறு எதையும் நம்ப வேண்டாம். தண்ணீர் டம்ளர் கை எட்டுகிற தூரத்தில் இருக்கிறதா? உங்கள் அம்மாவுக்கு இடது பக்கம் வராது, டம்ளர் இடது பக்கம் இருந்தால் இல்லாத மாதிரிதான்.

திருப்பும் நேரம் எழுதும் அட்டை கட்டில் காலில் தொங்கும். அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். 10, 12, 2, 4 என்று எல்லாம் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதியதாக இருந்தால் விடியற்காலையில் உட்கார்ந்து நிரப்பியது. நிஜமாகச் செய்த அட்டை கொஞ்சம் அலங்கோலமாக இருக்கும். 12.20, 2.35 என்று இருக்கும், "தூங்கினார், 3 மணிக்குத் திருப்பினேன்" என்று இருக்கும்.

கடைசியாக ஒன்று. குடும்பங்கள் வந்தால் கண்ணில் படுகிற ஆயாவைத்தான் திட்டுகிறார்கள். ராத்திரிக்கு ஒரே ஒரு ஆள் போதும் என்று முடிவெடுத்தவர் அலுவலக அறையில் இருக்கிறார். அவரிடம் பேசுங்கள்.

மதுரை_மகன்

ஏர் பெட் பற்றி, அதாவது புண் வராமல் இருக்கப் பம்பில் காற்று அடைக்கும் மெத்தை பற்றி யாரும் சொல்லவில்லை. இல்லத்தில் வாங்கச் சொன்னார்கள், வாங்கிக் கொடுத்தோம். ஒரு நாள் கையை வைத்துப் பார்த்தால் மெத்தை அமுங்கிக் கிடக்கிறது. கட்டில் கால்மாட்டில் மாட்டியிருக்கும் பம்பில் விளக்கு எரியவில்லை. போன் சார்ஜ் போட யாரோ பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள். போகும்போதெல்லாம் அந்த விளக்கையும், குழாய் மடங்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஏர் பெட் இருந்தாலும் திருப்பத்தான் வேண்டும் என்று எங்கள் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

இப்போது அப்பா வேறு இடத்தில், ஊருக்கு வெளியே ஒரு சின்ன இல்லத்தில் இருக்கிறார். பழைய ஓட்டு வீடு, ஏசி கிடையாது, மொத்தமே பதினாலு பேர். நடத்துகிற அம்மா அங்கேயே குடியிருக்கிறார். ராத்திரி இரண்டு பேர், முறை வைத்து விழித்திருப்பார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதுகிறார்கள், நிற்க முடியாதவர்களை நாற்காலியோடு வைத்துப் பார்க்கிறார்கள். அப்பா இரண்டு கிலோ குறைந்ததும் எங்களுக்குப் போன் வந்தது. பல்செட் ஈறில் குத்தியதால் சாப்பிடவில்லை என்று அவர்களே கண்டுபிடித்திருந்தார்கள். பழைய இடத்தில் பல்செட் வேறு ஒருவருடையதோடு மாறி, அதையே வாரக்கணக்கில் போட்டுவிட்டிருந்தார்கள். இப்போது பல்செட் டப்பா, கண்ணாடி, காது மிஷின் எல்லாவற்றிலும் அப்பா பெயரை மார்க்கரில் எழுதியிருக்கிறோம்.

ரொறன்ரோ_பேத்தி

நான் கனடாவில் இருந்து எழுதுகிறேன். எங்கட அம்மம்மா ஸ்காபரோவில் நீண்டகாலப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் இருக்கிறா. இங்கே கேள்வி கேட்கிறதுக்கு ஒரு ஏற்பாடு உண்டு என்பதால் சொல்லலாம் என்று நினைத்தேன்.

2020 கொரோனா நேரம் ஒன்ராறியோவில் சில இல்லங்களுக்கு இராணுவத்தை அனுப்பினவை. அவர்கள் அந்த மே மாதம் கொடுத்த அறிக்கையில் படுக்கைப்புண், ஊறின டயப்பர், வலுக்கட்டாயமாக ஊட்டினது, உதவி கேட்டுக் கத்தினவர்களை நெடுநேரம் கவனிக்காமல் விட்டது எல்லாம் எழுதியிருந்தது. மாகாணமே அதிர்ந்து போச்சு. அதுக்குப் பிறகு 2021இல் புதுச் சட்டம் கொண்டு வந்து, ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக நாலு மணித்தியாலம் நேரடிப் பராமரிப்பு என்று இலக்கு வைச்சார்கள், 2025 மார்ச் முடிவுக்குள். ஒவ்வொரு இல்லத்தின் ஆய்வறிக்கையும் இணையத்தில் இருக்கு, ஆரும் வாசிக்கலாம். குடும்பங்கள் சேர்ந்து குடும்ப மன்றம் அமைக்கச் சட்டத்தில உரிமை இருக்கு, இல்லம் அதைத் தடுக்க ஏலாது. நாங்களும் அப்படி ஒன்றில இருக்கிறம். தனியாக நான் போய்க் கேட்டால் "பார்க்கிறம்" என்பார்கள். பதினைந்து குடும்பம் சேர்ந்து எழுத்தில கேட்டால் எழுத்தில பதில் வரும்.

அதுக்காக எல்லாம் நல்லா நடக்குது என்று இல்லை. காத்திருப்போர் பட்டியல் மிக நீளம். அம்மம்மாவுக்கு மறதி வந்த பிறகு இங்கிலிஷ் முழுக்கப் போட்டுது, தமிழ் மட்டும்தான். இரவுப் பணியில தமிழ் தெரிஞ்ச பணியாளர் இருந்தால் அமைதியாக நித்திரை கொள்ளுவா. இல்லாட்டி விடிய விடிய ஆரையோ கூப்பிட்டுக்கொண்டு இருப்பா. நாங்கள் "தண்ணி", "நோகுது", "குளிருது", "கக்கூஸ்" என்று ஒரு அட்டையில ஆங்கில எழுத்தில எழுதி, பொருளோடு கட்டில் தலைமாட்டில ஒட்டியிருக்கிறம். பிலிப்பைன்ஸ் பிள்ளை ஒன்று இப்ப "நோகுதா அம்மம்மா" என்று வடிவாகக் கேட்குது. இந்தியாவில தமிழ் தெரியாத பணியாளர்கள் இருக்கிற இடத்தில இதைச் செய்து பார்க்கலாம்.

சேலம்_வக்கீல்

சட்டப்பக்கம் சுருக்கமாக. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் என்றால் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் வாங்குவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முதியோர் இல்லங்களை நடத்தும் தரத்தை மாநில அரசு வகுக்கவும் அதே சட்டத்தில் இடம் உண்டு. தமிழ்நாட்டில் இல்லங்களின் பதிவையும் ஆய்வையும் சமூக நலத்துறை பார்க்கிறது. எனவே முதல் புகார் மாவட்ட சமூக நல அலுவலருக்கு, நகல் ஆட்சியருக்கு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்து ரசீது வாங்குங்கள். முதியோர் உதவி எண் 14567க்கும் பேசலாம், கட்டணம் இல்லை. அந்த இல்லம் பதிவு பெற்றதா என்பதையும் அதே அலுவலகத்தில் கேளுங்கள்.

பணம் கட்டிச் சேவை பெறுவதால் நீங்கள் நுகர்வோர். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. முன்பணத்தைத் திருப்பித் தராமல் இழுக்கும் வழக்குகளுக்கும் இதுதான் வழி. ஆனால் ஆணையத்தில் உங்கள் வாய்ப்பேச்சு நிற்காது. தேதியோடு போட்டோ, மருந்துப் பட்டியல், ரசீது, வாட்ஸ்அப்பில் கேட்டதும் அவர்கள் சொன்ன பதிலும் வேண்டும். ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள், "படுக்கைப்புண்ணுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று ஒரு வரி இருக்கலாம். அப்படி இருந்தாலும் சேவைக் குறைபாடு சேவைக் குறைபாடுதான், பயப்பட வேண்டாம்.

தஞ்சாவூரான்

வீட்டில் வைத்துப் பார்ப்பதே மேல் என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனாலும் ஒரு சந்தேகம். எங்கள் சித்தப்பா வீட்டிலேயே படுக்கையில் இருக்கிறார். வீட்டில் இருப்பவர்களுக்கு அரசாங்கத்தில் ஏதாவது உதவி உண்டா?

அண்ணாநகர்_மருமகள்

உண்டு அண்ணா. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும், படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி நிவாரண கவனிப்பும் பிசியோதெரபியும் அதில் சேர்த்தி. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சித்தப்பா பெயரைப் பதியச் சொல்லுங்கள். சென்னைப் பக்கம் வர முடிந்தால் கிண்டி கிங் நிலைய வளாகத்தில் முதியோருக்கென்றே 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 முதல் இயங்குகிறது.

திருச்சி_மகள்

எல்லோருக்கும் நன்றி. செவிலி அம்மா சொன்ன மாதிரி அழுத்திப் பார்த்தேன். குதிகால் வெளுக்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் ராத்திரி பத்து மணிக்கு மேல் சொல்லாமல் போனேன். காவலாளி விசிட்டிங் நேரம் முடிந்தது என்றார். அம்மாவைப் பார்க்காமல் போக மாட்டேன் என்று நின்றதும் விட்டார். அம்மா இருக்கும் மாடியில் இருபத்தொரு கட்டில், ஒரே ஒரு பெண். கீழே நர்ஸ் ஒருவர் மூன்று மாடிக்கும் சேர்த்து. அந்தப் பெண் ஒரு தாத்தாவுக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தாள், இன்னும் மூன்று பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அட்டையை எடுத்துப் பார்த்தேன். அப்போது மணி பத்தரை, அட்டையில் காலை ஆறு மணிவரை கையெழுத்து போட்டிருந்தது. போட்டோ எடுத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணிடம் எதுவும் பேசவில்லை. அவளும் நானும் சேர்ந்து அம்மாவைப் பக்கவாட்டில் படுக்க வைத்தோம்.

நிர்வாகியிடம் மறுநாள் பேசினேன். ஆள் கிடைப்பதில்லை என்றார். எங்கள் மாடிக்கு இன்னொரு ஆள் போடுவதாகவும், மாதத்துக்கு 6,000 கூட வேண்டும் என்றும் சொன்னார். எழுத்தில் தாருங்கள் என்றேன், இதுவரை வரவில்லை. பக்கத்துக் கட்டில் பாட்டியின் மகனிடம் பேசினேன், அவர் அம்மாவுக்கும் இடுப்பில் புண் இருக்கிறது, "ரேஷ்" என்றுதான் அவரிடமும் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேரும் சேர்ந்து சமூக நல அலுவலருக்கு மனு எழுதுகிறோம், வக்கீல் ஐயா சொன்னபடி போட்டோக்களையும் இணைக்கிறோம்.

அம்மாவை இடம் மாற்ற முடிவு செய்துவிட்டோம். திருச்சியிலேயே ஒரு இடம் பார்த்திருக்கிறேன், ராத்திரி எட்டுப் பேருக்கு ஒருவர். அங்கே டூட்டியில் இருந்த அம்மா நான்கு வருடமாக இருப்பதாகச் சொன்னார். வண்டியில் இவ்வளவு தூரம் கூட்டிப் போகும்போது புண்ணுக்கு என்ன செய்ய வேண்டும்?

ஓய்வுபெற்ற_செவிலி

ஆம்புலன்ஸில் ஸ்ட்ரெச்சர் மேல் ஏர் பெட்டையோ, கெட்டியான ஃபோம் மெத்தையோ போடச் சொல்லுங்கள். வெறும் ரெக்சின் மேல் நாலைந்து மணி நேரம் படுக்க வைக்க வேண்டாம். மல்லாக்க இல்லாமல் பக்கவாட்டில், குதிகால் எதிலும் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை. வழியில் இரண்டு முறையாவது ஓரமாக நிறுத்திப் பக்கம் மாற்றுங்கள், கூட ஒரு நர்ஸ் வருவது நல்லது. கிளம்பும் முன் டாக்டர் ஒருவர் புண்ணைப் பார்த்துச் சரியான டிரெஸ்ஸிங் போட்டுவிடட்டும், பஞ்சு, பவுடர், மஞ்சள் எதுவும் வேண்டாம். சர்க்கரை அளவு பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். புண் ஆறப் புரதம் வேண்டும். முட்டை, பருப்பு, தயிர் என்று அம்மா விழுங்கும் பதத்தில் தினமும் போகட்டும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய இடத்தில் மருந்துப் பட்டியல், கடைசி ரத்தப் பரிசோதனை, டாக்டர் குறிப்புகள் எல்லாவற்றின் நகலையும் கேட்டு வாங்குங்கள். புது இடத்தில் சேர்க்கும் அன்றே, அம்மாவை உள்ளே படுக்க வைக்கும் முன், அவர்கள் நர்ஸை வைத்துத் தலை முதல் கால்வரை பார்க்கச் சொல்லி, எந்த இடத்தில் எத்தனை சென்டிமீட்டர் புண், அம்மா எத்தனை கிலோ என்று எழுதிக் கையெழுத்து வாங்கி ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை அதே அளவை எடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் சுருங்க ஆரம்பிக்கவில்லை என்றால் அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்டிவிட்டு இங்கேயும் எழுதுங்கள், பார்க்கிறேன்.